கிளாஸனின் 'பீரங்கி செய்தல்' கல்லச்சுப் படங்கள் (1917): இரும்பு பெரிது, ஆள் சிறிது. ஏன்?

கரிக்கோடு:

முதலாம் உலகப் போர்க்காலக் கல்லச்சுப் படங்களை (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் லித்தோகிராஃப்) கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். பிரிட்டிஷ் ஓவியர் ஜார்ஜ் கிளாஸன் 1917இல் வரைந்த 'பீரங்கி செய்தல்' தொகுதியில் வந்து நின்றுவிட்டேன். உலை, பெரும் சம்மட்டி, சுழல் கிரேன், பெரிய பீரங்கியை லேத்தில் கடைவது, உட்குழாயைத் தூக்குவது, பீரங்கிகள் உருவாகும் கூடத்தின் பொதுத் தோற்றம் என்று ஆறு படங்கள். எல்லாம் கறுப்பு மைதான்.

எனக்கு உறுத்துவது ஒன்று. ஆறையும் பார்த்து முடித்த பிறகு ஒரு முகம்கூட நினைவில் தங்கவில்லை. இரும்புதான் தங்குகிறது. கிளாஸன் அதுவரை வயல்வெளி மனிதர்களை வரைந்து பேர் வாங்கியவர். அறுவடைக்காரனின் நிமிராத முதுகையும் களைத்த கண்ணையும் அவ்வளவு பொறுமையாக வரைந்த கை, ஆலைக்குள் நுழைந்ததும் ஏன் ஆளை விட்டுவிட்டு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டது? அரசாங்கம் அப்படி வரையச் சொன்னதா, அவருக்கே இரும்பைக் கண்டு மலைப்பா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நூலகவாசி:

நல்ல கேள்வி. படத்தைத் தனியாகப் பார்த்தால் விடை கிடைக்காது. அது எந்தக் கட்டிலிருந்து உருவப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

'மகா யுத்தம்: பிரிட்டனின் முயற்சிகளும் இலட்சியங்களும்' என்ற பெயரில் பிரிட்டிஷ் அரசின் பிரசாரத் துறை 1917இல் வெளியிட்ட தொகுப்பு அது. 18 ஓவியர்கள், 66 கல்லச்சுப் படங்கள். அவற்றில் 12 படங்கள் 'இலட்சியங்கள்'. மீதி 54 'முயற்சிகள்'. ஒன்பது தலைப்புகள், தலைப்புக்கு ஆறு படம். கிளாஸனுக்குப் பீரங்கி, மூர்ஹெட் போனுக்குக் கப்பல் கட்டுதல், நெவின்சனுக்கு விமானம், ஹார்ட்ரிக்குக்குப் பெண்களின் வேலை என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். அச்சுவேலையை மேற்பார்த்தவர் எர்னஸ்ட் ஜாக்சன். அவரே கைதேர்ந்த கல்லச்சு ஓவியர். 1917 ஜூலையில் லண்டனில் கண்காட்சி. பிறகு படங்கள் அமெரிக்காவரை போயின.

காலத்தைக் கவனியுங்கள். 1915 மே மாதம் 'டைம்ஸ்' பத்திரிகை, போர்முனையில் குண்டுகள் போதவில்லை என்று போட்டு உடைத்தது. அந்த அமளியில்தான் தளவாட அமைச்சகமே பிறந்தது. லாயிட் ஜார்ஜ் அதன் முதல் அமைச்சர். 'எங்களிடம் சரக்கு இல்லை' என்று ஊரறிய அவமானப்பட்ட அரசு, இரண்டே ஆண்டில் 'பாருங்கள், எங்கள் பட்டறை எவ்வளவு பெரிது' என்று காட்ட ஆசைப்படுவது இயல்புதானே. அதற்கு இரும்புதான் கதாநாயகன். கிளாஸனிடம் யாரும் ஆளைச் சிறிதாக வரையச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தலைப்பைக் கொடுத்ததே போதும்.

பட்டறைக்காரன்:

நான் ஓவியம் படித்தவன் இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் ஆயுளில் பாதி போய்விட்டது. இந்த இழையில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது.

ஆள் சிறிதாகத் தெரிவதற்குப் பிரசாரம், அவமானம் என்று சுற்றி வளைக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கப்பற்படையின் 15 அங்குலப் பீரங்கியின் எடை 100 டன். நீளம் 16 மீட்டருக்கு மேல். அந்தக் குழாயை லேத்தில் ஏற்றினால் படுக்கை எவ்வளவு நீளம் வேண்டும், குழாயைக் கவ்விப் பிடிக்கும் தலைப்பக்கச் சக் எவ்வளவு விட்டம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் பக்கத்தில் நிற்கும் டர்னர், அதாவது லேத் ஓட்டுபவர், சிறிதாகத்தான் தெரிவார். பெரிதாக வரைந்திருந்தால் அதுதான் பொய்.

இன்னொன்று. அப்பேர்ப்பட்ட வேலையில் ஆள் ஒன்றும் செய்யாமல் நிற்பதுபோலத்தான் இருக்கும். டூல் ஒருமுறை பிடித்துவிட்டால் நீளவாக்கில் ஒரு கட் போய்முடிய மணிக்கணக்காகும். அதுவரை டர்னர் டூல் சீவித் தள்ளும் இரும்புச் சுருளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சுருள் நீலமாக வருகிறதா, பழுப்பாக வருகிறதா, சத்தம் மாறுகிறதா என்று கண்ணும் காதும் அங்கேயேதான் இருக்கும். சும்மா நிற்பதுபோல் தெரியும், முதுகில் வியர்வை ஓடும். குழாயைக் கெடுத்துவிட்டால் அதற்கு முன்னால் உலையிலும் சம்மட்டியிலும் வேலை செய்த அத்தனை பேருடைய உழைப்பும் போச்சு. கிளாஸனின் ஆட்கள் நிற்கிற விதத்தில் அந்தக் கவனம் இருக்கிறது. முகம் இல்லை என்கிறீர்கள். எனக்கு அந்த நிற்பே போதும்.

மறுபக்கம்:

பட்டறைக்காரர் ஐயா சொல்வதில் அளவுக் கணக்கு சரி. ஆனால் எதை வரையவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1917 மே மாதத்தில் இங்கிலாந்தின் பொறியியல் தொழிலாளர்கள் சுமார் 2,00,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். லங்காஷயரில் ராச்டேலில் மூண்டு ஊர் ஊராகப் பரவியது. தேர்ச்சி பெற்றவர்களின் வேலையில் தேர்ச்சியற்றவர்களைப் புகுத்துவது, ராணுவத்தில் சேர்ப்பதிலிருந்து பாதுகாப்புத் தந்த அட்டைத் திட்டத்தை ரத்துச் செய்வது, இவைதான் காரணம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தளவாடச் சட்டம் வந்துவிட்டது. முதலாளி சான்றிதழ் தராமல் வேறு ஆலைக்குப் போக முடியாது. போனால் ஆறு வாரம் யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது.

அந்த வேலைநிறுத்தம் அடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, லண்டனில் கண்காட்சி திறக்கிறார்கள். சுவரில் தொங்கும் தொழிலாளர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்கிறார்கள். சம்மட்டி ஓங்கி நிற்கிறது, உலை எரிகிறது, கிரேன் தூக்குகிறது. இயந்திரம் வேலைநிறுத்தம் செய்யாது. அதைப் பெரிதாக வரைந்தால் அரசுக்கு நிம்மதிதான். எனக்கு இந்தப் படங்கள் அழகாக இருக்கின்றன, அதனாலேயே எரிச்சலாகவும் இருக்கின்றன.

பட்டறைக்காரன்:

ஐயா, வேலைநிறுத்தத்தை வரையவில்லை என்பதற்காக வேலையை வரைந்தது குற்றமாகுமா?

மறுபக்கம்:

குற்றம் என்று நான் சொல்லவில்லை. யாருடைய பணத்தில், யாருக்குக் காட்ட என்று கேட்கிறேன். அந்தத் தொகுப்பில் இருந்த நெவின்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் கட்டும் படங்களுக்கு அரசு அவரைத் தட்டிக்கொடுத்தது. அவரே முள்வேலி ஓரம் முகம் குப்புறக் கிடக்கும் இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்களின் பிணத்தை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது, காட்டக் கூடாது என்று தணிக்கை தடுத்தது. 1918 கண்காட்சியில் அவர் அந்தப் படத்தின்மேல் பழுப்புத் தாளை ஒட்டி, 'தணிக்கை செய்யப்பட்டது' என்று எழுதித் தொங்கவிட்டார். ஆயுதம் செய்வதைக் காட்டலாம். அது செய்ததைக் காட்டக் கூடாது.

கல்மை:

இருவரும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். படம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் கரிக்கோட்டின் கேள்விக்கு இன்னொரு விடை கிடைக்கும்.

ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக்கல்லை மணல் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். கொழுப்பும் மெழுகும் விளக்குக்கரியும் கலந்த குச்சியால் அதன்மேல் வரைவது. பிறகு வேல இனத்து மரப் பிசினில் துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், வரைந்த இடம் எண்ணெயைப் பிடிக்கும், வரையாத இடம் தண்ணீரைப் பிடிக்கும். கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை ஏறும். 1790களின் கடைசியில் ம்யூனிக்கில் செனஃபெல்டர் கண்டுபிடித்ததன் சாரம் இவ்வளவுதான். இன்று சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் இயந்திரமும் இதே எண்ணெய், தண்ணீர்ப் பகையை வைத்துத்தான் பிழைக்கிறது. கல்லுக்குப் பதில் பிளேட், அவ்வளவே. பிளேட்டுக்குப் பிசின் தடவிப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே பிடிபடும்.

இப்போது உலைக்கு வருவோம். கல்லச்சில் வெள்ளை மை கிடையாது. வெளிச்சம் வேண்டுமென்றால் தாளை வெறுமையாக விட வேண்டும், அல்லது வரைந்த கறுப்பைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். உலை வாயின் கண்கூசும் வெளிச்சத்தைக் காட்ட, சுற்றி இருப்பதையெல்லாம் கறுப்பாக்கியே ஆக வேண்டும். உலைக்கு எதிரே நிற்கும் ஆள் தானாகவே நிழலுருவமாகிவிடுவார். நிழலுருவத்துக்கு ஏது முகம்? வயலில் வெளிச்சம் நாலாபக்கமும் விழும். அங்கே முகம் வரையலாம். வார்ப்புக்கூடத்தில் வெளிச்சம் ஒரே ஒரு வாயிலிருந்து வருகிறது. நெருங்கிப் பார்த்தால் குச்சியின் துகள் கல்லின் சொரசொரப்பில் பட்டும் படாமலும் நிற்பது தெரியும். புகையும் தூசியும் நிறைந்த காற்றைக் காட்ட இதைவிட நல்ல ஊடகம் எனக்குத் தெரியாது.

கரிக்கோடு:

கல்மை, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். கிளாஸன் 1918இல் ஊல்விச் ஆயுதச்சாலையின் பீரங்கிக்கூடத்தைப் பெரிய எண்ணெய் ஓவியமாகவும் வரைந்தார். லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே வண்ணம் உண்டு, வெளிச்சம் கற்றை கற்றையாக மேலிருந்து விழுகிறது. அப்படியிருந்தும் ஆட்கள் கூடத்தின் அடியில் சிறு கூட்டமாகத்தான் தெரிகிறார்கள். ஆக, ஊடகம் மட்டும் காரணமில்லையே?

நூலகவாசி:

அதே ஊல்விச்சில் போர் உச்சத்தில் 80,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். ஓர் ஊரே ஆலைக்குள் இருந்தது என்று வையுங்கள். அந்தப் பிரம்மாண்டத்துக்கு ஓவியர் பணிந்துபோனார் என்றுதான் எனக்குப் படுகிறது. பிரசாரம் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது. மலைப்பு அவருடையது.

தாளடி:

இந்த வரிசையில் ஓவியர் லாரா நைட்டின் ரூபி லாஃப்டஸ் படத்தையும் சேர்க்கலாமே? லேத்தின்மேல் குனிந்து பீரங்கியின் பின்வளையத்துக்கு மரை போடும் பெண். அங்கே முகம் தெளிவாக இருக்கிறது, பெயரும் இருக்கிறது.

நூலகவாசி:

அது 1943, இரண்டாம் போர். எண்ணெய் ஓவியம், கல்லச்சு இல்லை. ஆனால் ஒப்பிட ஏற்ற படம். ஒரு பெண் அந்த நுட்பமான வேலையைச் செய்துகாட்டினார் என்பதே அங்கே செய்தி. ஆகவே முகம் தேவைப்பட்டது. கூடுதல் பெண்களை ஆலைக்கு அழைக்க வேண்டிய காலம். தன்னைப்போல் ஒருத்தியைப் பார்த்தால்தானே இன்னொருத்தி வருவாள். 1917இல் கிளாஸனின் செய்தி ஆலையின் கொள்ளளவு. அதற்கு முகம் தேவைப்படவில்லை.

பட்டறைக்காரன்:

ரூபி லாஃப்டஸ் படத்தை இப்போதுதான் பார்த்தேன். கை வைத்திருக்கும் இடமும் கண் போகும் திசையும் கச்சிதம். வரைந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்திருக்கிறார்.

கிளாஸனின் சம்மட்டியைப் பற்றி ஒன்று. அந்தக் காலத்திலேயே பெரிய பீரங்கிக் கட்டிகளுக்கு ஹைட்ராலிக் பிரஸ் வந்துவிட்டது. சம்மட்டி அடி மேல்தோலோடு நின்றுவிடும். பிரஸ் அழுத்தினால் நடுக்கட்டிவரை இறங்கும். ஆலைக்காரனைக் கேட்டால் பிரஸ்தான் உசத்தி என்பான். ஆனால் பிரஸ் சத்தமில்லாமல், பொறி பறக்காமல், நிதானமாக இறங்கும். ஓவியம் வரைய வந்தவர் கண்ணில் சம்மட்டி விழுந்ததில் ஆச்சரியமில்லை. இந்த ஒரு விஷயத்தில் மறுபக்கம் ஐயாவோடு ஒத்துப்போகிறேன்: காட்சிக்கு எடுப்பானதைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

உட்குழாயைத் தூக்கும் படம் அப்படி இல்லை. அதில் வேலை இருக்கிறது. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி உலையில் சூடாக்கி, கிரேனால் உருவி, எண்ணெய்க் கிணற்றில் இறக்கிப் பதமேற்றுவார்கள். படுக்க வைத்துச் சூடாக்கினால் தன் எடையிலேயே வளைந்துவிடும். அதனால்தான் அந்தக் கூடங்களுக்கு அவ்வளவு உயரம். பிறகு அதன்மேல் எஃகுக் கம்பியை மைல் கணக்கில் இறுக்கிச் சுற்றி, வெளிக்குழாயைச் சூடாக்கி விரியவைத்து மாட்டுவார்கள். அது ஆறி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பிரிட்டிஷ் கனரகப் பீரங்கிகள் அப்படித்தான் செய்யப்பட்டன.

மறுபக்கம்:

அப்படியானால் ஜோசஃப் பென்னெலைப் பற்றி என்ன சொல்வீர்கள்? அமெரிக்க ஓவியர், ஃபிலடெல்ஃபியாக்காரர், போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவான குவேக்கர் குடும்பம். பனாமா கால்வாய் கட்டுமானத்தை 1912இல் கல்லச்சில் வரைந்தவர். இங்கிலாந்தின் போர்க்கால ஆலைகளை வரைந்து 1917இல் வெளியிட்டபோது எச். ஜி. வெல்ஸ் முன்னுரை எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்க ஆலைகள். போரை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே குண்டு செய்யும் ஆலையின் அழகில் கரைந்துபோன மனிதர். கிளாஸன் படத்திலாவது ஆள் இருக்கிறார். பென்னெல் படத்தில் ஆள் புள்ளி. புகைபோக்கியும் கிரேனும் கோயில் கோபுரம்போல் எழும்பி நிற்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், 1917இல் பிரெஞ்சுக்காரர்கள் அவரை வெர்தன் போர்முனைக்கு அழைத்துப்போனார்கள். அவரால் வரைய முடியவில்லை. கையை விரித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

கல்மை:

எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்ததே அந்த இடத்தில்தான்.

பென்னெல் பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. அவர் கல்லைச் சுமந்துகொண்டு ஆலைக்குள் போனவர் இல்லை. மாற்றுத் தாளில் கொழுப்புக் குச்சியால் அங்கேயே நின்று வரைந்துகொண்டு, பிறகு கல்லுக்கு ஏற்றினார். கல்லில் நேரே வரைந்தால் அச்சில் இடம் வலமாகும். தாளிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து தாளுக்கும் இருமுறை திரும்புவதால் பார்த்தது பார்த்தபடியே வரும். ஆலையை வரைய இது பெரிய வசதி. ஆனால் இதெல்லாம் அசல் கல்லச்சே இல்லை, ஏமாற்று என்ற பொருளில் வால்டர் சிக்கர்ட் ஒரு பத்திரிகையில் எழுதப்போய், பென்னெல் அவதூறு வழக்குப் போட்டார். 1897இல் லண்டனில் விசாரணை. ஓவியர் விஸ்லரே கூண்டேறி பென்னெலுக்காகச் சாட்சி சொன்னார். பென்னெல் ஜெயித்தார், 50 பவுண்டு நஷ்டஈடு. ஓவியர்களின் சண்டை நீதிமன்றம் ஏறினால் வாசகனுக்குக் கொண்டாட்டம்.

தாளடி:

50 பவுண்டு வழக்குச் செலவுக்குக் காணுமா என்று தெரியவில்லை! ஆக, மாற்றுத் தாளில் வரைந்ததை அசல் என்று ஏற்கலாம்தானே?

கல்மை:

தாராளமாக. ஓவியரின் கை பட்ட கோடு அதே கோடுதான். புகைப்பட முறையில் எடுத்த மறுபதிப்புதான் வேறு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாக ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் மறுபதிப்பு. ஒழுங்கற்ற துகள்கள் தெரிந்தால் குச்சியால் வரைந்த கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெண்கரு:

இத்தனை பேர் பேசுகிறீர்கள், ஹார்ட்ரிக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே தொகுப்பில் 'பெண்களின் வேலை' அவருடையது. ஆறில் மூன்று படங்கள் தளவாட ஆலைப் பெண்கள்: அபாயமான வேலை, கனமான வேலை, தேர்ச்சி வேண்டிய வேலை. அபாயமான வேலை என்பது டி.என்.டி. என்ற வெடிமருந்தை அடைப்பது.

நான் வேதியியல் ஆசிரியை. டி.என்.டி. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். கல்லீரலைக் கெடுத்து மஞ்சள்காமாலையைக் கொண்டுவரும். அதோடு கையும் முகமும் முன்தலை மயிரும் சாயம் ஏறியதுபோல் மஞ்சளாகிவிடும். கேனரிப் பறவையின் பெயரை வைத்து அந்தப் பெண்களை ஊரார் கூப்பிட்டார்கள். நச்சுக் காமாலையில் செத்தவர்கள் 100 பேருக்கு மேல். வெடிவிபத்துகள் தனிக் கணக்கு: 1917 ஜனவரி 19 அன்று லண்டன் சில்வர்டவுனில் டி.என்.டி. ஆலை வெடித்து 73 பேர் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூலை 1இல் சில்வெல்லில் 134 பேர்.

இப்போது அந்தத் தொகுப்பின் வண்ண விவகாரத்தைப் பாருங்கள். 'முயற்சிகள்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. 'இலட்சியங்கள்' 12 மட்டும் வண்ணம்: பெல்ஜியம் மீண்டெழுவது, கடல்களின் சுதந்திரம், நீதியின் ஆட்சி என்று தேவதைகளும் கொடிகளும். ஹார்ட்ரிக் படத்தில் டி.என்.டி. அடைக்கும் பெண்ணின் கை என்ன நிறம் என்று தெரிய வழியே இல்லை. செலவுக் கணக்காகவே இருக்கட்டும், எடுப்பாக இருக்கட்டும் என்று தேவதைகளுக்கு வண்ணம் கொடுத்ததாகவே இருக்கட்டும். விளைவைச் சொல்கிறேன். அந்த 66 படங்களில் மஞ்சள் நிறம் அவசியமாகத் தேவைப்பட்ட படம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மறுபக்கம்:

அம்மா, நான் பத்துப் பத்தி எழுதிச் சொல்ல முடியாததை ஒரே பத்தியில் சொல்லிவிட்டீர்கள்.

கரிக்கோடு:

வெண்கரு, உங்கள் பதிலைப் படித்துவிட்டு மறுபடி ஹார்ட்ரிக்கைப் போய்ப் பார்த்தேன். அவர் பெண்களை ஆள் உயரத்துக்கு, வேலையின் நடுவில் வைத்திருக்கிறார். கிளாஸனின் அளவு விகிதம் அங்கே இல்லை. நெவின்சனின் வெல்டிங் படத்திலும் அப்படித்தான்: கண்ணாடி போட்டுக் குனிந்திருக்கும் பெண்கள் முன்னால் பெரிதாக இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் இயந்திரத்தைப்போலவே கோணல் கோணலாக வெட்டிய வடிவங்கள். ஒரே தொகுப்பு, ஒரே அரசு, ஒரே ஆண்டு. ஒருவர் ஆளைச் சிறிதாக்குகிறார், இன்னொருவர் ஆளையே இயந்திரமாக்குகிறார், மூன்றாமவர் ஆளை ஆளாகவே விடுகிறார். அப்படியானால் எல்லாவற்றையும் பிரசாரத்தின் தலையில் கட்ட முடியாது.

வெண்கரு:

அந்த வெல்டிங் பெண்களைப் பற்றி ஒரு தகவல். லண்டனில் பெண்களுக்கு அசிடிலின் வெல்டிங் கற்றுக்கொடுக்கப் பள்ளி தொடங்கியதே பெண் வாக்குரிமைக்குப் போராடிய சங்கம்தான். தேர்ச்சி பெற்ற ஆணுக்குத் தரும் கூலியையே பெண்ணுக்கும் கொடு என்று அவர்கள் மல்லுக்கட்டினார்கள். நெவின்சனுக்கு அது தெரியுமோ தெரியாதோ, அந்தப் பெண்கள் சும்மா பொறிக்கு அலங்காரமாக உட்கார்ந்தவர்கள் இல்லை.

பட்டறைக்காரன்:

வெல்டிங் படத்தில் ஒரு குறை சொல்வேன். பொறி சிதறும் விதம் பட்டாசுபோல் இருக்கிறது. கேஸ் வெல்டிங்கில் அவ்வளவு பொறி வராது. கட்டிங்கில்தான் அப்படிப் பறக்கும். ஆனால் குனிந்த கழுத்தும், வெளிச்சத்தை நேரே பார்க்காமல் உருகிய உலோகக் குளத்தையே பார்க்கும் தலைச்சாய்வும் சரியாக இருக்கின்றன.

மறுபக்கம் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. கிளாஸன் படத்தை நீங்கள் அரசு ஆவணமாகப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதை ஷாப் ஃப்ளோர், அதாவது ஆலைத் தளத்தின் படமாகத்தான் பார்ப்பேன். 1917இல் அந்தக் கூடம் எப்படி ஓடியது, சங்கிலி எங்கே தொங்கியது, ஆள் எங்கே நின்றார் என்று எனக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? புகைப்படக்காரனுக்கு அந்த இருட்டில் அவ்வளவு கிடைத்திருக்காது.

மறுபக்கம்:

அதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் அந்த ஷாப் ஃப்ளோரில் நின்றவர் சான்றிதழ் இல்லாமல் வெளியே போக முடியாதவர் என்பதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

நூலகவாசி:

கிளாஸன் தொகுதியைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: இந்தப் படங்கள் லண்டனில் டேட் சேகரிப்பிலும் இருக்கின்றன, 1918இலேயே தகவல் அமைச்சகம் கொடுத்தது. இம்பீரியல் போர் அருங்காட்சியகத்திலும் உண்டு. இரண்டு இணையதளங்களிலும் ஓவியர் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். ஹார்ட்ரிக்கின் மூன்று ஆலைப் படங்களையும் கிளாஸனின் ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூர்ஹெட் போனை இந்த இழையில் தொடவே இல்லை. கிளாஸ்கோவில் பிறந்து கப்பல்தளத்தைப் பார்த்தே வளர்ந்தவர். 'பெரிய கிரேனிலிருந்து பார்த்த கப்பல்தளம்' என்ற படம் முழு இழைக்குத் தாங்கும். பட்டறைக்காரரே, அதை நாளைக்குத் தனியாகத் தொடங்குகிறேன். சாரம் கட்டிய விதத்தையும் தகட்டுக்கு ரிவெட் அடித்த வரிசையையும் நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும்.